வலி தெரியாத கால்

நேற்று எனக்கு ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். பதுளைக்கு மாதம் ஒருமுறை வந்துபோகும் பல் டாக்டர்தான் பிடுங்கினார். முதலில் ஈறில் ஊசி போட்டார். ஐந்து நிமிடத்தில் வலது தாடை என்னுடையதாக இல்லை. பல் வெளியே வந்ததுகூடத் தெரியவில்லை. "ரெண்டு மணி நேரத்துக்கு எதையும் மெல்லாதீங்க" என்று சொல்லி அனுப்பினார். முப்பது வருஷம் மற்றவர்களுக்கு இப்படிப் புத்தி சொல்லியே பிழைத்தவன் நான். எனக்கு யாராவது சொன்னால் கேட்பேனா? வீட்டுக்கு வந்ததும் பசி பொறுக்காமல் இரண்டு இடியாப்பத்தைச் சொதியில் ஊறவைத்துத் தின்றேன். தண்ணீர் கொண்டுவந்த என் மனைவி செம்பைக் கீழே போட்டுவிட்டு அலறினாள்.

"என்னங்க இது, சட்டையெல்லாம் ரத்தம்!"

குனிந்து பார்த்தேன். இடியாப்பத்தோடு என் உதட்டின் உட்புறத்தையும் சேர்த்து மென்றிருக்கிறேன். கொஞ்சமும் தெரியவில்லை. பசியாறிய சந்தோஷத்தில் உட்கார்ந்திருந்தேன் என்பதுதான் வெட்கம். கண்ணாடி முன்னால் நின்று பஞ்சை வைத்து அழுத்தும்போது உங்கள் குரல் அப்படியே காதில் விழுந்தது. "வலிக்காதுங்கய்யா. அதான் பயம்."

நீங்கள் என்று எழுதுகிறேன். உயிரோடு இருந்தபோது உங்களை ஒரு நாளும் அப்படி அழைத்ததில்லை. தோட்டத்து டிஸ்பென்சர் ஒரு குதிரைக்காரரை 'நீங்க' என்று சொன்னால் விடியலில் ஆட்கள் கூடும் பெரட்டுக்களமே சிரித்திருக்கும். நான் 'வாய்யா, போய்யா' என்று பேசினேன். நீங்கள் என்னை 'மருந்தய்யா' என்றீர்கள். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. நான் பதுளைக் கடைத்தெருவில் துணி விற்ற செட்டியார் வீட்டில் பிறந்து, கொழும்பில் மருந்து கலக்கப் படித்து வந்தவன். நீங்கள் திருச்சிப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்து, தேயிலைக் கூடையைத் தொடாமல் நேரே குதிரை லாயத்துக்குப் போனவர். மனைவி காய்ச்சலில் போன பிறகு தொழிலாளர் வரிசை வீடான லயத்தை விட்டுவிட்டு லாயத்தை ஒட்டிய அறையில் தனியாக இருந்தீர்கள். சீட்டாட்டத்தில் என்னைத் தோற்கடிக்கும் உரிமை மட்டும் உங்களுக்கு இருந்தது. அதை நீங்கள் தாராளமாகவே பயன்படுத்தினீர்கள்.

நம் தோட்டம் பெரகலச் சந்திக்கு மேலே, மலையின் முதுகில் இருந்தது. மோட்டார் வண்டி அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காத காலம். துரை தினமும் செவலைப் பெட்டைக் குதிரையில் மலை சுற்றிப் பார்ப்பார். நீங்கள் வெறுங்காலோடு பின்னால் ஓடுவீர்கள். அவர் இறங்கினால் குதிரையைப் பிடித்துக்கொண்டு நிற்பதும், ஏறினால் மறுபடி ஓடுவதும்தான் உங்கள் பிழைப்பு. கல்லோ முள்ளோ, ஓட்டம் நின்றதில்லை. "அவனைப் பாருங்கடா, ஒரு நாளாவது கால் வலிக்குதுன்னு வந்து நின்னிருக்கானா?" என்று பெரட்டுக்களத்தில் உங்களைக் காட்டி நான் மற்றவர்களை ஏசியிருக்கிறேன்.

பெரட்டுக்களத்தில் என் வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியும். விடியலில் கங்காணி பெயர் கூப்பிடுவார். உடம்பு முடியவில்லை என்பவர்கள் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்பார்கள். காய்ச்சலுக்குக் கொயினா, வயிற்றுக்குச் சொட்டு மருந்து, மூட்டுக்குத் தைலம் என்று கொடுத்து, அவர்களில் எத்தனை பேரைத் தேயிலை மலைக்குத் திருப்பி அனுப்புகிறேனோ அந்த அளவுக்கு நான் கெட்டிக்காரன். இதில் எனக்குப் பொய் பித்தலாட்டம் எதுவும் இல்லை. வலி அடங்கிவிட்டால் ஆள் சுகமாகிவிட்டான் என்று உண்மையாகவே நம்பினேன்.

செவலை நொண்ட ஆரம்பித்த மழைக்காலம் நினைவிருக்கிறதா? துரை அதற்கு ஏதோ இங்கிலீஷ் பெயர் வைத்திருந்தார். நீங்கள் 'தாயி' என்றுதான் கூப்பிடுவீர்கள். தாயி முன்னங்கால் ஒன்றை மண்ணில் பட்டும் படாமலும் வைத்தது. லாடத்தை மாற்றினீர்கள், தவிட்டு ஒத்தடம் கொடுத்தீர்கள், ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் துரை கொழும்பிலிருந்து ஒரு குதிரை டாக்டரை வரவழைத்தார்.

அவர் வேலை செய்ததை நான் வாய் பிளந்து பார்த்தேன். நீங்கள் தாயியின் மேலுதட்டைக் கயிற்றால் முறுக்கிப் பிடித்தீர்கள். அவர் குளம்புக்கு மேலே இரண்டு பக்கமும் மயிரைக் கத்தரித்து, கார்பாலிக் தண்ணீரால் கழுவி, நரம்பு ஓடும் இடம் பார்த்து கொக்கேயின் மருந்தை ஊசியால் ஏற்றினார். கொஞ்ச நேரம் பொறுத்து, பேனாவின் பின்பக்கத்தால் குதிகாலை அழுத்தினார். தாயி அசையவில்லை. "இப்போது ஓட்டு" என்றார். நீங்கள் கயிற்றைப் பிடித்து ஓட, இரண்டு மாதமாக நொண்டிய குதிரை புதுக்குதிரைபோல் ஓடியது. துரை கை தட்டினார். நானும் தட்டினேன். நீங்கள் மட்டும் குளம்பையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார். நோவு குளம்புக்குள் இருக்கிறதா, மேலே இருக்கிறதா என்று கண்டுபிடிக்க மட்டுமே இந்த ஊசி. இதனால் நோய் ஆறாது. மரத்த காலோடு ஏறிச் சவாரி செய்யக்கூடாது. கால் எங்கே படுகிறது என்று அதற்குத் தெரியாது. உள்ளே எலும்பு நொறுங்கினாலும் அது நடந்துகொண்டே இருக்கும். மருந்து அளவு மீறினால் குதிரைக்கு வெறி பிடிக்கும், அசைந்தால் ஊசி உள்ளே முறியும். நோவு குளம்புக்குள் என்று தெரிந்துவிட்டதால் நீண்ட ஓய்வு கொடுத்து, வேறு மாதிரி லாடம் அடிக்க வேண்டும். இவ்வளவையும் சொல்லிவிட்டு அவர் ரயிலுக்குப் போனார். துரையின் மனதில் நின்றது அந்த ஓட்டம் மட்டும்தான். நான் எல்லாவற்றையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்தேன். எழுதியதை மறக்கவில்லை; நினைக்கவும் இல்லை.

"டாக்டர் செய்ததை நீயும் செய்வாய் அல்லவா?" என்று துரை ஒரு காலையில் கேட்டார். புதுக் குதிரை வரக் கப்பல் வேண்டும், அதுவரை அவர் மலையை நடந்தா பார்ப்பார்? என் தலை தானாக ஆடியது. அப்போது எனக்கு எவ்வளவு பெருமை! மனுஷ வைத்தியம் பாதி, குதிரை வைத்தியம் பாதி என்று வீட்டில்கூடச் சொல்லிக்கொண்டேன். பெரட்டு முடிந்ததும் லாயத்துக்கு வருவேன், நீங்கள் உதட்டுக் கயிற்றைப் பிடிப்பீர்கள், நான் ஊசி போடுவேன். நொண்டியை மலைக்கு அனுப்புவது எனக்குப் பழகிய வேலைதானே.

"வலிக்கிறப்ப தாயி காலைப் பாத்துப் பாத்து வைக்கும்யா" என்றீர்கள் ஒரு நாள். "இப்பப் பாக்காமப் போடுது. பின்னால ஓடுறப்ப எனக்குக் காதுலயே தெரியுது."

"குதிரை டாக்டர் கொழும்புக்குப் போயிட்டாருன்னு நெனச்சேன். இங்கதான் இருக்காரா?" என்று கேலி செய்தேன். நீங்கள் சிரித்து வைத்தீர்கள்.

அடுத்த வாரமே தாயி தலையை நிமிர்த்திக்கொண்டு ஓட்டமாகத் திரும்பி வந்தது. துரை மகிழ்ச்சியாக இறங்கிப் பங்களாவுக்குப் போனார். நீங்கள் குளம்பைத் தூக்கிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட ஆளனுப்பினீர்கள். லாடம் விலகி, அதன் ஆணி ஒன்று குளம்பின் அடிச்சதைக்குள் ஏறியிருந்தது. கீழ் மலையில் தண்ணீர்க் கானைத் தாண்டும்போதே சத்தம் மாறியதாம். நீங்கள் கத்தினீர்களாம், துரை கையை அசைத்துவிட்டுப் போய்விட்டாராம். அங்கிருந்து இரண்டு கட்டை தூரம், இரண்டு மைல் இருக்கும், ஒவ்வொரு அடிக்கும் அந்த ஆணி உள்ளே போயிருக்கிறது. குறடால் அதைப் பிடுங்கினீர்கள். தாயி புல்லை மென்றுகொண்டு நின்றது. அதைப் பார்த்துத்தான் நீங்கள் அழுதீர்கள்.

"நல்லவேளை, அதுக்கு வலிக்கல" என்றேன் நான். எவ்வளவு பெரிய முட்டாள்! நீங்கள் என்னை நிமிர்ந்து பார்த்தீர்கள். 

புண் ஆற மூன்று வாரமானது. பழைய நொண்டல் அப்படியே இருந்தது. அந்தச் சமயத்தில்தான் தோட்டத்தைப் பார்வையிட மேலதிகாரி ஒருவர் வருவதாகக் கடிதம் வந்தது. பெரகலச் சந்தியில் அவரை எதிர்கொண்டு அழைத்துவர வேண்டும். நொண்டிக் குதிரையோடு போய் நிற்கத் துரைக்கு மனமில்லை. போய்ச் சேரும்வரை மருந்து தாங்க வேண்டும், ஆகவே இரண்டு பங்காகப் போடு என்று சொல்லியனுப்பினார்.

மறுநாள் காலை பெரட்டுக் கொம்பு ஊதுவதற்கு முன்னால் மருந்தறை வாசலில் நின்றீர்கள். அத்தனை வருஷத்தில் நீங்கள் அந்த வாசலுக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

"இன்னைக்கிப் போடாதீங்கய்யா."

"துரை சொல்லியாச்சு. நான் என்ன செய்ய?"

"முழுக்க இறக்கம்யா. ஒரு பக்கம் பள்ளம். தாயி தடுக்குனா அதுவும் போவும், துரையும் போவாரு."

"இத்தனை நாளாப் போடுறேன். ஒரு நாளாவது வலியில துடிச்சுச்சா?"

"வலிக்காதுங்கய்யா. அதான் பயம்."

சொல்லிவிட்டு, நோயாளிகளுக்குப் போட்ட பெஞ்சில் உட்கார்ந்து இடது காலை மடியில் தூக்கி வைத்துக்கொண்டீர்கள். உள்ளங்காலில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஒரு குழி. அதற்குள் ஒரு தகரத் துண்டு. "இது எங்க குத்துனிச்சுன்னு எனக்குத் தெரியாதுங்க. காலைக் கழுவுறப்பக் கண்ணுல பட்டுச்சு" என்றீர்கள். நான் இடுக்கியால் அதை எடுத்தேன். யாருடைய காலையோ பார்ப்பதுபோல் நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஊசி நுனியால் கணுக்கால்வரை குத்திப் பார்த்தேன். உங்கள் முகம் மாறவில்லை. முழங்காலுக்குக் கீழே வெளிறிய தேமல் ஒன்று. அதையும் தொட்டுப் பார்த்தேன். அதற்குமேல் எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"தெரியுங்கய்யா" என்றீர்கள். "ரெண்டு வருஷமாத் தெரியும். ஊர்ல எங்க மாமாவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது, பெருவியாதி."

உங்களைக் காட்டி மற்றவர்களை ஏசிய என் வாயை நினைத்துப் பார்த்தேன். வலி இல்லாமல்தான் ஓடியிருக்கிறீர்கள். அது உங்கள் உறுதி என்று நான் நினைத்திருந்தேன்.

"மரத்த கால்ல நடக்குறது எப்படின்னு இந்தத் தோட்டத்துல எனக்கு மட்டும்தான்யா தெரியும். தரை எங்க இருக்குன்னு கண்ணால பாத்துத்தான் வைக்கணும். நானாவது குனிஞ்சு பாத்துக்கிட்டு ஓடுறேன். தாயி எப்படிப் பாக்கும்? துரை கடிவாளத்தை இழுத்துத் தலையத் தூக்கிப் பிடிச்சிருப்பாரே."

பெருவியாதி, அதாவது தொழுநோய், என்று தெரிந்தால் நான் மேலிடத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும், ஆளைக் கொழும்புப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் விடுவார்கள், போனவர் திரும்புவதில்லை. இது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தும் ஒரு குதிரைக்காக அந்தக் காலை என்னிடம் காட்டினீர்கள்.  துணி சுற்றிக் கட்டிவிட்டு, "யாருகிட்டயும் காட்டாத. நீரடிமுத்து எண்ணெய் வரவழைச்சுத் தர்றேன், பொறுமையாப் பாப்போம். துரைகிட்ட நான் பேசுறேன்" என்றேன். "பேசுவீங்களாய்யா?" என்று கேட்டீர்கள். "பேசுறேன்" என்று மறுபடியும் சொன்னேன். சத்தியமாக, பேசுவதாகத்தான் இருந்தேன்.

லாயத்தில் துரை பூட்ஸ் போட்டுக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். "சார், அந்த டாக்டர் சொன்னது..." என்று ஆரம்பித்தேன். டாக்டர் சொன்னதைத் தானும் கேட்டதாகச் சொன்னார். இரண்டு பங்கு மருந்து ஆபத்து என்று முணுமுணுத்தேன். "அப்படியானால் டிஸ்பென்சர் எதற்கு எனக்கு? போடு!" என்று அதட்டினார். அவ்வளவுதான்.  குனிந்தேன். ஊசி போடுகிற இடத்தைக் கழுவக்கூடச் செய்தேன். உதட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நீங்கள் என்னையே பார்த்தது என் உச்சந்தலையில் தெரிந்தது.

பிறகு கயிறு தளர்ந்தது. நீங்கள் கயிற்றை விட்டுவிட்டு முன்னால் வந்து, துரை குதிரையேற மிதிக்கும் கல்லின்மேல் இடது காலை வைத்தீர்கள். நான் சுற்றிய துணியை அவிழ்த்தீர்கள். மடியிலிருந்த லாட ஆணி ஒன்றை எடுத்து, அவர் பார்க்க உள்ளங்காலில் அழுத்தினீர்கள். ரத்தம் வந்தது.

"வலிக்கலைங்க துரை. இந்த ஊசியப் போட்டா தாயிக்கும் இப்படித்தான். இறக்கத்துல காலு இருக்கறது அதுக்குத் தெரியாதுங்க."

துரை இரண்டடி பின்னால் போனார். அவர் ஒன்றும் அரக்கர் இல்லை, முகம் வெளுத்துவிட்டது. என் பக்கம் திரும்பி, "உனக்கு இது தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாது, சார்" என்றேன்.

அன்று துரை பெரகலவுக்கு நடந்தே போனார். அதன்பிறகு தாயியின் மேல் சேணம் ஏறவில்லை. பங்களாவுக்குக் கீழே புல்வெளியில் விட்டுவிட்டார். உங்களை ஆஸ்பத்திரியில் நன்றாகக் கவனிக்கும்படி அவரே ஒரு கடிதமும் எழுதினார். அனுப்பும் உத்தரவு வரும்வரை ஐந்து நாள் நீங்கள் உங்கள் அறையிலேயே இருந்தீர்கள். சோற்றை வாசற்படியில் வைத்துவிட்டு ஓடினார்கள். நான் வந்து காலைக் கழுவிக் கட்டினேன்.  சீட்டுக்கட்டை எடுத்து வந்தேன், வேண்டாம் என்றீர்கள்.

அப்புத்தளை ஸ்டேஷனுக்கு வண்டி வந்த காலையில் புல்வெளி ஓரமாகப் போய்த் தள்ளி நின்றீர்கள். தாயி உங்களைக் கண்டு, நொண்டிக்கொண்டு கிட்ட வந்தது.

"தொடலாமாய்யா?" என்று என்னைக் கேட்டீர்கள்.

"தொடு. குதிரைக்கு ஒட்டாது."

கழுத்தில் கை வைத்தீர்கள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

மூன்று வருஷம் கழித்து ஒரே ஒரு தடவை உங்களைப் பார்க்க வந்தேன். அதற்கு முன்னால் வராததற்கு ஆயிரம் காரணம் சொல்லலாம். முகம் காட்ட வெட்கம் என்பதுதான் உண்மை. ரயிலில் வழி நெடுக, மன்னிப்புக் கேட்க வேண்டிய வாசகத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். 'பேசுகிறேன் என்று சொல்லிவிட்டுப் பாதியில் விட்டுவிட்டேன். தெரிந்ததைத் தெரியாது என்றேன். நான் மாட்டேன் என்றிருந்தால் நீ காலை நீட்டியிருக்க வேண்டியதில்லை.' இவ்வளவுதான் வாசகம்.

உங்கள் பார்வை மங்கியிருந்தது. விரல்கள் மடங்கியிருந்தன. குரலை வைத்தே என்னை அடையாளம் கண்டு எழுந்து உட்கார்ந்தீர்கள். முதல் கேள்வி, "தாயி எப்படி இருக்குங்க?" அது செத்து ஒரு மாதமாகியிருந்தது. "நல்லா மேயுது" என்றேன். அந்தப் பொய்க்கு மட்டும் நான் வருந்தவில்லை. பிறகு வாசகத்தை எடுத்தேன். "அன்னைக்கி லாயத்துல..." என்று தொடங்கியதும் நீங்கள் கையைத் தூக்கி என்னை நிறுத்தினீர்கள். பக்கத்துப் படுக்கையில் இருந்த கிழவர் பக்கம் திரும்பி, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னீர்கள்:

"இவுங்கதான் எங்க தோட்டத்து மருந்தய்யா. குதிரைக்கு ஊசி போட மாட்டேன்னு துரை மூஞ்சிக்கு நேரா சொன்னவுங்க."

கிழவர் இரண்டு கைகளையும் சேர்த்து என்னைக் கும்பிட்டார். நான் திருத்தவில்லை. உங்களுக்கு அப்படித்தான் நினைவு என்று முதலில் எண்ணினேன். பிறகு உங்கள் முகத்தைப் பார்த்தேன். அன்று நடந்தது ஒன்றுவிடாமல் உங்களுக்கு நினைவிருந்தது.

அடுத்த மழைக்காலத்தில் நீங்கள் போன செய்தி வந்தது. நான் அதே பெரட்டுக்களத்தில் இன்னும் பதினோரு வருஷம் நின்றேன். வலி என்று ஒதுங்கி நின்றவர்களிடம் எங்கே, எப்போதிருந்து என்று கேட்டேன். ஒரு நாளும் வந்து நிற்காதவர்களின் காலையும் கையையும் நானே வலியப் போய்ப் பார்த்தேன். எழுந்து நடக்கக் கூடாதவர்களின் பெயரை அடித்துவிட்டு, "இவர் இன்று வேலைக்குப் போக மாட்டார்" என்று மூன்று துரைமாரிடம் மூஞ்சிக்கு நேராகச் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் முழங்கால் நடுங்கியது. நீங்கள் அந்தக் கிழவரிடம் சொன்ன மருந்தய்யா நடுங்கியிருக்க மாட்டார். அவரைப்போல ஆகத்தான் இன்றுவரை பார்க்கிறேன்.